மயிலம்மாள் பார்த்தெழுதிய கதை

தோட்டத் தமிழ்ப் பள்ளி,
கோலா கிளாவாங்.
8.7.1951

அண்ணனுக்கு,

வள்ளிநாயகி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் தூக்கி எறியாமல் உறையைப் பிரித்திருக்கிறீர்கள் என்றால் அதுவே பெரிய விஷயம்.

நாலு வருஷமாக நான் ஏன் எழுதவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நான் வீட்டில் இல்லாத நாள் பார்த்து என் கதைப் புத்தகங்களைப் பெட்டியோடு கச்சாங் பூத்தே விற்கும் கடலைக்காரரிடம் தூக்கிக் கொடுத்தீர்கள். அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கினால், பொட்டலம் சுற்றியிருந்த தாள் நான் பாதி படித்து வைத்திருந்த கதை. கடலையைக் கொட்டிவிட்டுத் தாளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் அதைப் பார்த்துச் சிரித்தீர்கள். மறுநாளே தோட்டத்துப் பள்ளிக்கூட வேலைக்கு ஒப்புக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தச் சண்டையை எடுக்கக்கூடாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்தாயிற்று, போகட்டும்.

வந்த விஷயம் வேறு. என்னிடம் படித்த பெண் மயிலம்மாள். வயது பதினேழு. அப்பா இல்லை. அவளும் அம்மா ராக்கம்மாவும் ரப்பர் பால் மரம் வெட்டிப் பிழைக்கிறார்கள். இப்போது எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் போகும் எல்லாரையும் கேட்டில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது, காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். போன புதன்கிழமை மயிலம்மாளின் இடுப்பில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது. வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை லோரி வந்து அவளை சிரம்பானுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அந்த நோட்டில் இருப்பது கதை, அண்ணா. நான் வகுப்பில் படித்துக் காட்டிய புத்தகத்தைப் பார்த்து அவள் எழுதிவைத்தது. அதில் மரப்பொந்தில் அரிசி வைக்கிறார்கள், மலையில் ஒளிந்திருக்கும் ஒருவருக்குச் சோறு கொண்டுபோகிறார்கள், செவ்வாய்க்கிழமை எந்த வழியாக வண்டி வரும் என்று பார்த்துச் சொல்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமைதான் எங்கள் துரையின் ஜீப்பைக் காட்டிலிருந்து சுட்டார்கள். ஓட்டிவந்த சைபுதீன் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். நல்ல மனுஷன். பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு ஏற்றிக் கொடுத்தவர். இப்போது அந்தச் சாவையும் இந்த நோட்டையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறார்கள்.

புத்தகத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். பெயர் ‘நரிப்பாறைச் சங்கம்’. நீங்கள் அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர். பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியும். அதற்கு முன்னால் தயவுசெய்து படியுங்கள். படித்தால்தான் சொல்ல முடியும்.

வள்ளிநாயகி


சிரம்பான்
14.7.1951

வள்ளிக்கு,

உன் கடிதமும் பார்சலும் 12ஆம் தேதி கிடைத்தன. நலம்.

அலுவலக விஷயங்களை நான் வெளியில் பேசுவதில்லை. நீ எழுதிய பெண்ணைப் பற்றித் தெரியும் என்றும் சொல்லமாட்டேன், தெரியாது என்றும் சொல்லமாட்டேன். பத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு தாளில் ஒரு சொல்லைக் கூட்டியதுமில்லை குறைத்ததுமில்லை. சிபாரிசுக்குப் போய் நின்றதுமில்லை. இது உனக்குத் தெரிந்ததுதான்.

புத்தகத்தைப் பார்த்தேன். அட்டையில் ஒரு சிறுமி லாந்தர் விளக்கோடு நிற்கிறாள். பன்னிரண்டு முதல் பதினாறு வயதினருக்கு என்று அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கு நாற்பத்து நாலு முடிந்துவிட்டது. சாத்திர உரைகளும் அரசாங்க கெசட்டும் தவிர வேறெதுவும் நான் படிப்பதில்லை என்பதும் உனக்குத் தெரியும். இருந்தாலும் நீ கேட்டாய் என்று பத்துப் பக்கம் புரட்டினேன். ஐந்து பிள்ளைகள் ஆளுக்கொரு பறவைப் பெயர் வைத்துக்கொண்டு விசிலடித்துத் திரிகிறார்கள். ஒரு வாக்கியம்கூட முழுசாக இல்லை, எல்லாம் ஓட்டமும் மூச்சிரைப்பும். பதினைந்து வயதுப் பெண் மூன்று படி அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறுகிறாளாம். எழுதினவர் அரிசி தூக்கிப் பார்த்தவர் இல்லை.

பெரிய பிள்ளைகளுக்கு உருப்படியாக ஏதாவது சொல்லிக் கொடு. புத்தகத்தை அடுத்த தபாலில் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அந்தப் பழைய பெட்டியைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுத விரும்பவில்லை.

திருநாவுக்கரசு


கோலா கிளாவாங்
19.7.1951

அண்ணனுக்கு,

புத்தகத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். பத்துப் பக்கம் படித்தவர் பதினொன்றாம் பக்கத்தையும் படித்தால் ஒன்றும் குறைந்துபோய்விட மாட்டீர்கள்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். புத்தகம் ஒன்று, கேட்கிறவர்கள் நாற்பது பேர். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுக் குளித்துச் சாப்பிட்டுப் பிள்ளைகளும் பெண்களும் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். நான் ஒரு அத்தியாயம் வாசிப்பேன். வரமுடியாதவர்களுக்காக எழுதத் தெரிந்த பெண்கள் பார்த்தெழுதிக் கொண்டுபோவார்கள். மரத்தடியில் பால் சொட்டி மங்கு நிறையும்வரை உட்கார்ந்து படிப்பார்கள்.

ஒருநாள் தாயம்மா கேட்டாள், “நரிப்பாறைன்னா அது எங்கத்தான் இருக்கு டீச்சர்?” நான்தான் சொன்னேன், நம்ம பால் வெட்டுற பதினாலாம் நம்பர் தீம்பார் மாதிரி, மேட்டுமேல இருக்கிற இடம்னு வச்சிக்கயேன் என்று. “அப்ப பதினாலாம் நம்பர்னே எழுதிப்புடலாம்ல?” என்றாள் மயிலம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. கதையில் மகிழமரம் என்றால் நோட்டில் ஆற்றோரத் தூரியான் மரம். ஜமீன்தாரின் குதிரை வண்டி என்றால் துரையின் ஜீப். காவலாளி என்றால் கேட்டில் நிற்கும் மாத்தா போலீஸ். ஐந்து பிள்ளைகளின் பெயருக்குப் பதிலாக மயிலம்மாள், பஞ்சாலை என்று தங்கள் பெயரையே போட்டுக்கொண்டார்கள். தன் பெயரே கதையில் வந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் இல்லை? முள்வேலிக்குள் அடைத்துவைத்த பிள்ளைகளுக்கு வேறு எங்கே போக வழியிருக்கிறது?

இதையெல்லாம் அங்கே யாரோ ஒரு மடையன் உட்கார்ந்து வரிக்கு வரி இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுத்திருக்கிறான். இங்கே விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்டார். ‘நான் மயிலம்மாள், பஞ்சாலையோடு சேர்ந்து பதினாலாம் நம்பரில் அரிசி வைத்தேன்’ என்று பெண் தன் கையாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறாளாம். பெயர்த்தவனுக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது, கதைக்கும் வாக்குமூலத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவன் வாழ்க்கையில் ஒரு கதைப் புத்தகத்தைத் தொட்டிருக்க மாட்டான். அவன் கை விளங்காமல் போகட்டும் என்று ராக்கம்மா மண்ணை வாரித் தூற்றினாள். நான் தடுக்கவில்லை.

ராக்கம்மா தினமும் வந்து பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். “எம்புள்ள எழுதுனது கதைதான்னு ஒரு சொல்லு சொல்லுங்க டீச்சர்,” என்கிறாள். நான் சொல்லிவிட்டேன். என் சொல்லை யார் கேட்கிறார்கள்?

வள்ளிநாயகி


சிரம்பான்
28.7.1951

அன்புள்ள வள்ளிக்கு,

அந்த மடையன் நான்தான்.

இந்த வரியை எழுதிவிட்டுச் சிறிது நேரம் எழுந்து போய்விட்டேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

ஜூலை முதல் வாரத்தில் என் மேஜைக்கு ஒரு நோட்டு வந்தது. எந்தத் தோட்டம், யாருடையது என்று சொல்வதில்லை, ஒரு எண் மட்டும் இருக்கும். ஒன்றரை நாளில் முடித்துக் கொடுத்தேன். சுத்தமான வேலை என்று மேலதிகாரி சொன்னார். சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. உன் முதல் கடிதம் வந்ததுமே எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. அரிசி, மரப்பொந்து, செவ்வாய்க்கிழமை. ஆனால் புத்தகத்தில் நான் பார்த்த பத்துப் பக்கத்தில் அரிசி மட்டும்தான் இருந்தது, பொந்தும் செவ்வாய்க்கிழமையும் இல்லை. மேற்கொண்டு படிக்கப் பயந்துகொண்டுதான் உனக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினேன்.

உன் இரண்டாவது கடிதம் வந்தபிறகு படித்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஃபைல் அட்டைக்குள் வைத்து. பக்கத்து மேஜைக்காரர் பார்த்துவிடுவாரோ என்று இருந்தது. முதல் நாள் பென்சிலோடு உட்கார்ந்து பிழை குறித்தேன். இரண்டாம் நாள் பென்சிலை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தபால் ஓட்டக்காரர் பொன்னையாவின் மேல் ஜமீன் நகையைத் திருடியதாக வீண்பழி விழுகிறது. அவர் நரிப்பாறைக் குகையில் கால் ஒடிந்து கிடக்கிறார். அந்தப் பெண் காவலாளியின் கண் முன்னாலேயே சோற்றுப் பானையைக் கொண்டுபோகிறாள். அவள் பிடிபட்டுவிடக் கூடாதே என்று பக்கத்தைத் திருப்பினேன்.

திருப்பிய பக்கத்தில் முதல் வரி, ‘செவ்வாய்க்கிழமை வண்டி இந்தப் பக்கம் வரும், அதற்குள் பொந்தில் அரிசியை வைத்துவிட வேண்டும்.’ இந்த வரியை நான் ஏற்கெனவே படித்திருக்கிறேன் வள்ளி. நானே இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வண்டியை ஜீப் என்று.

தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் ஒருநாளும் இதையெல்லாம் கையில் தொட்டதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் பெட்டியைக் கொடுத்ததும் அந்தப் பெருமையில்தான். அது தப்பு. நாலு வருஷம் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும்.

இப்போது அவசரம். நோட்டையும் புத்தகத்தையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு ஒரு அறிக்கை எழுதி மேலதிகாரியிடம் கொடுக்கப் போகிறேன். பெயர்களைத் தவிர, ஒன்பதாம் அத்தியாயம் வரை வரி மாறாமல் பொருந்துகிறது. ஆனால் புத்தகத்தையும் கூடக் கொடுத்தாக வேண்டும். அதன் முதல் தாளில் உன் கையெழுத்தில் யார் யார் இரவல் வாங்கினார்கள் என்று பதினொரு பெண்களின் பெயரும் தேதியும் இருக்கின்றன. அந்தத் தாளை என்ன செய்வது? நான் ஆவணத்தில் கை வைத்தவன் இல்லை.

அண்ணன்


கோலா கிளாவாங்
1.8.1951

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் ஆத்திரம் வந்தது. கிழித்துப் போட்டிருப்பேன், ராக்கம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். “என்ன டீச்சர், அண்ணன் என்ன எழுதியிருக்காரு?” என்றாள். உதவி செய்கிறாராம் என்று சொன்னேன். அவள் கையெடுத்து உங்களைக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை வாங்கி உங்களுக்கு அனுப்புகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தரம் படிக்கும்போது ஆத்திரம் உங்கள் மேல் மட்டும் இல்லை. பதினாலாம் நம்பர் என்று முதலில் சொன்னது என் வாய். பிள்ளைகள் பெயரை மாற்றியபோது சிரித்துக்கொண்டு நின்றதும் நான்தான். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தப் பெண்ணை லோரியில் ஏற்றியிருக்கிறோம்.

அவளைக் கப்பலேற்றப் போகிறார்கள் என்று ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி கேள்விப்பட்டு வந்து சொன்னார். பிறந்த பத்திரம் இல்லை, அதனால் இந்தியாவுக்கு அனுப்பிவிடலாமாம். அவள் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அங்கே அவளுக்கு யாரைத் தெரியும்? எந்த ஊர் பெயர் சொல்லி இறங்குவாள்? கப்பல் இந்த மாதக் கடைசியில் என்கிறார்கள்.

அந்த முதல் தாளைக் கிழித்துவிடுங்கள். பதினொரு பெண்கள். அதில் இரண்டு பேருக்கு வயது பதின்மூன்று. ஒரு தாள்தான் அண்ணா. ஒரு பெட்டி நிறையப் புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்த கைக்கு இது பெரிய வேலையில்லை.

சீக்கிரம்.

வள்ளிநாயகி


சிரம்பான்
11.8.1951

அன்புள்ள வள்ளி,

தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். புத்தகத்தையும் பன்னிரண்டு பக்க அறிக்கையையும் நேற்று மேலதிகாரியிடம் கொடுத்தேன்.

அவர் வெள்ளைக்காரர். தமிழ் தெரியாது. என் அறிக்கையை அரை மணி நேரம் படித்தார். சோற்றுப் பானை வரும் இடத்தில் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. “அப்படியானால் இது பிள்ளைகள் கதைதான், அந்தப் பெண்ணை விட்டுவிடலாம்,” என்றார். காகிதத்தில் குறித்தும் கொண்டார். மயிலம்மாள் வந்துவிடுவாள், வள்ளி. இதை முதலில் ராக்கம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

நான் கும்பிட்டுவிட்டு எழுந்தேன். உட்காரச் சொன்னார். புத்தகத்தைத் திறந்து கட்டைவிரலால் தையல் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். கிழித்த தாளின் பிசிறு அதில் நின்றிருந்தது. நான் கவனிக்கவில்லை. “ஒரு தாள் இல்லையே,” என்றார். மேற்கொண்டு அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு கேட்டார், “சோற்றை எப்படி ஒளித்துக் கொண்டுபோவது, காவலை எப்படி ஏமாற்றுவது, பிடிபட்டால் யாரையும் எப்படிக் காட்டிக் கொடுக்காமல் இருப்பது. இதையெல்லாம் இந்தப் புத்தகம் சொல்லிக் கொடுக்கிறது, இல்லையா?” அது கதை சார் என்றேன். “சரி, கதை. இந்த வருஷம், இந்த இடத்தில், இதை நாற்பது பேருக்கு உட்காரவைத்துப் படித்துக் காட்டியது யார்?” நாற்பது பேர் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். நான்தான் எழுதியிருந்தேன். உங்கள் வழக்கத்தை அவர் நம்பவேண்டுமே என்று நீ சொன்னதை அப்படியே, ஒன்று விடாமல் எழுதியிருந்தேன்.

புத்தகம் உனக்கு எப்படி வந்தது என்று கேட்டார். தங்கை அனுப்பினாள் என்றேன். தங்கை என்ன செய்கிறாள் என்றார். சொன்னேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை, வள்ளி. வாயைத் திறந்தால் உண்மைதான் வந்து நிற்கிறது. பென்சிலால் உன் பெயரை எழுதிக்கொண்டு, ‘நல்ல வேலை செய்திருக்கிறாய்’ என்று எனக்குக் கை கொடுத்தார்.

கோலா சாவாவில் மங்கம்மா சித்தி வீட்டுக்குப் போய்விடு. ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. இந்தக் கடிதத்தை எரித்துவிடு. இனி எனக்குக் கடிதம் எழுதாதே. காரணம் சொல்ல முடியாது, எழுதாதே.

அண்ணன்


கோலா கிளாவாங்
20.8.1951

அன்புள்ள அண்ணா,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்று மட்டும். மயிலம்மாள் கையில் கொடுத்து டவுன் தபாலாபீசில் போடச் சொல்கிறேன்.

ஆம், அவள் வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து கேட்டில் இறங்கினாள். ராக்கம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். லயமே கூடிவிட்டது. உடம்பில் காயம் ஒன்றும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினேன். “டீச்சர், இனிமே நான் எழுதமாட்டேன்,” என்றாள். அவ்வளவுதான். வகுப்பில் யாராவது வாசித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறாள். அவளை மீட்டுவிட்டோம் என்று நீங்கள் சந்தோஷப்படுங்கள். நானும் படுகிறேன். முழுசாக வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும் அல்லவா?

பள்ளிக்கூடத்துக்கு ஜீப் இரண்டு தடவை வந்துவிட்டது. முதல் தடவை அலமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். வாய்ப்பாட்டுப் புத்தகத்தையும் விடவில்லை. இரண்டாம் தடவை ஒரே கேள்விதான். அந்தப் புத்தகத்தை உனக்குக் கொடுத்தது யார்? வேறெதையும் கேட்கவில்லை. உட்கார்ந்தார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள், மறுபடி அதையே கேட்டார்கள். நான் நினைவில்லை என்றேன்.

நினைவில்லாமல் என்ன? சிரம்பான் பாசாரில் கடை வைத்திருக்கிறாரே லியாக்கத் அலி, அவரிடம் வாங்கியது. ஊதுபத்தி, காலண்டர், புத்தகம் எல்லாம் ஒரே கடையில் விற்பவர். அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. பெண் ஹசீனாவுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார். அவர் பெயரைச் சொன்னால் நாளைக்கே கடையை மூடி அவரை ஏற்றிக்கொண்டு போவார்கள், அவர் இன்னொருவரைச் சொல்வார், அப்படியே போகும். என்னோடு நிற்கட்டும்.

கோலா சாவாவுக்குப் போகமாட்டேன். நான் ஓடினால் குற்றம் உண்மை என்று ஆகும். அடுத்த லோரி மயிலம்மாளுக்குத்தான் வரும். இரண்டாம் தடவை அவள் திரும்பி வரமாட்டாள்.

கேட்க மறந்துவிட்டேன். கதையைக் கடைசிவரை படித்தீர்களா? பிடித்திருந்ததா என்று நீங்கள் சொல்லவே இல்லை.

ரோட்டில் சத்தம் கேட்கிறது. மயிலம்மாளைப் பின்பக்கமாக அனுப்புகிறேன்.

வள்ளி


சிரம்பான்
22.9.1951

அன்புள்ள வள்ளி,

இந்தக் கடிதம் உனக்குத் தடுப்பு முகாம் தபாலில்தான் வரும். பயப்படாதே. முகாமுக்குப் போகும் தமிழ்க் கடிதங்களைப் படித்து, ஆட்சேபணைக்குரியது ஒன்றுமில்லை என்று முத்திரை குத்துவது இந்த மாதம் என் வேலை. இதற்கும் நானே குத்திவிட்டேன். இன்று சனிக்கிழமை மதியத்தோடு அந்த வேலை என் கையை விட்டுப் போகிறது. திங்கட்கிழமை கோலாலம்பூரிலிருந்து வேறொருவர் வருகிறார். பழைய ஃபைல்களை எல்லாம் மறுபடி சரிபார்ப்பாராம். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்கிறார்கள்.

உன் இருபதாம் தேதிக் கடிதம் வீட்டுக்கு வரவில்லை, தபாலிலேயே மடக்கிவிட்டார்கள். உன்னை ஏற்றிக்கொண்டு போன மூன்றாம் நாள், எண் போட்ட ஃபைலில் என் மேஜைக்கு வந்தது. மேலதிகாரியே கொண்டுவந்து வைத்தார். “உன் தங்கையின் கையெழுத்து உனக்குத்தான் நன்றாகத் தெரியும்,” என்றார். போய்விடுவார் என்று பார்த்தேன். ஜன்னலோரம் நின்று சிகரெட் பற்றவைத்தார்.

அவர் நிற்கும்போதே மொழிபெயர்த்தேன். மயிலம்மாளைப் பற்றி நீ எழுதியது, ஜீப் வந்தது, ஒரே கேள்வியைக் கேட்டது, எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். லியாக்கத் அலியின் பெயர் வரும் வரிக்கு வந்தேன். பேனா நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். பிறகு, ‘அந்தப் புத்தகத்தை எனக்கு அனுப்பியது நீங்கள்தானே அண்ணா’ என்று எழுதினேன். கடை, ஊதுபத்தி, ஹசீனாவின் கல்யாணம், கோலா சாவா, கதையைப் படித்தீர்களா என்று நீ கேட்டது எதுவும் இங்கிலீஷில் இல்லை. உன் பிள்ளைகள் செய்ததைத்தான் நானும் செய்தேன், பார்த்தெழுதும்போது பெயரை மாற்றினேன். ஒரு எழுத்தும் கோணவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

படித்துப் பார்த்துவிட்டு அவர் தாளை மேஜைமேல் வைத்தார். உண்மையா என்றார். ஆமாம் என்றேன். சென்னையிலிருந்து வரவழைத்தேன், அரசாங்க ஊழியன் என்ற முறையில் நானே முழுசாகப் படித்துப் பார்த்து, குற்றமில்லாத புத்தகம் என்று கண்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன் என்று வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் ஏன் அந்த நோட்டை வாக்குமூலம் என்று பெயர்த்தாய் என்று அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்பார். பதில் யோசித்து வைத்திருக்கிறேன். அவ்வளவு நல்ல பதில் இல்லை.

நேற்று பாசாருக்குப் போய் லியாக்கத் அலியைப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “நான் என்ன சார் தப்பு செஞ்சேன், ஊதுபத்தி விக்கிறவன் லா நான்,” என்றார். குடும்பத்தோடு நாகப்பட்டினம் போய்வரச் சொன்னேன். கப்பல் வியாழக்கிழமை. அதுவரைக்கும் நம் கதை நின்றால் போதும். உன் தமிழ்க் கடிதம் இன்னும் ஃபைலில்தான் இருக்கிறது. எண் போட்டது, எடுக்க முடியாது. புதியவர் எந்த ஃபைலை முதலில் திறப்பார் என்று யாருக்குத் தெரியும்?

கதை பிடித்திருந்ததா என்று கேட்டாய். பிடித்திருந்தது. பொன்னையா குகையை விட்டு வெளியே வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மலை இறங்கும் இடத்தில் நான் அழுதேன். உண்மையான திருடன் அகப்பட்டுக்கொள்கிறான், எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள். அப்படியெல்லாம் நடக்குமா என்று அந்த ஆசிரியரோடு சண்டை போடலாம் போல இருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை படித்தேன்.

ராக்கம்மாவும் மயிலம்மாளும் போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தார்கள். அந்த நோட்டைப் பெயர்த்தவன் யார் என்று ராக்கம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள். அவள் செய்ததுதான் சரி.

திங்கட்கிழமை காலை உன்னைக் கூப்பிடுவார்கள். அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். நினைவில்லை என்று சொல்லாதே, முதலில் பயந்துபோய் மறைத்தேன் என்று சொல். அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லையே என்று கேட்டால், புத்தகம் அனுப்பித்தான் சமாதானம் ஆனோம் என்று சொல். கதை சொல்லத் தெரிந்தவள் நீ, நான் புதுசு. எங்கேயாவது ஓட்டை இருந்தால் நீ அடைத்துவிடு. மற்றபடி எதற்கும் தயங்காதே. புத்தகம் கொடுத்தது யார் என்று கேட்டதும் என் பெயரைச் சொல்லிவிடு.

அண்ணன்
திருநாவுக்கரசு